பருப்புப் பொடி ஆன்லைனில் விற்கலாம் என்று இருக்கிறேன், போனஸ் வாங்கியதும் வேலையை விடலாமா?

நம்பியூர் அம்மணி
செப்டம்பர் 27, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் ஊர் நம்பியூர் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருஷமாக மெர்ச்சன்டைசிங் வேலை. சம்பளம் 18,500. காலையில் ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப ராத்திரி எட்டரை ஆகிவிடுகிறது. பையன் மூன்றாவது படிக்கிறான். அவனுடைய வீட்டுப்பாடத்தை பஸ்ஸில் உட்கார்ந்து வாட்ஸப்பில் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அம்மாயி கைப்பக்குவத்தில் பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, செலவு (மசாலாச் சாமான்) ரசப் பொடி மூன்றும் நன்றாக வரும். கம்பெனியில் மாதம் முப்பது, நாற்பது பொட்டலம் எடுத்துப் போவேன், ஒன்று 100 ரூபாய், சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். இதையே இன்ஸ்டாகிராம், வாட்ஸப்பில் போட்டால் என்ன என்று ஒரு யோசனை.

கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 200 கிராம் பொட்டலத்துக்குச் சாமான் 34 ரூபாய், கவர் 6, ஆக 40. டெலிவரி ஃப்ரீ என்று 120-க்கு விற்றால் 80 ரூபாய் நிற்கும். மாதம் 300 பொட்டலம் போனால் 24,000. இப்போதைய சம்பளத்தை விட அதிகம். கையில் சேமிப்பு 1.5 லட்சம் இருக்கிறது. மகளிர் குழு மூலம் 3 லட்சம் லோன் தருவதாகச் சொல்கிறார்கள். அரைக்கிற சின்ன மெஷின் ஒன்று, வெப்சைட், பேர் அச்சடித்த கவர் 5,000, விளம்பரம், எல்லாம் அதில் வந்துவிடும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு கணக்கு முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்க.

காங்கயம் செக்கு
செப்டம்பர் 27, இரவு 10:40

யோசிக்கவே யோசிக்காதீங்க, இறங்குங்க. நான் 2019-ல் செக்கு எண்ணெயை ஆன்லைனில் போட்டபோது ஊரே சிரித்தது. இன்றைக்குச் சென்னைக்கு மட்டும் வாரம் நாற்பது டின் போகிறது. அடுத்தவன் கம்பெனிக்கு உழைக்கிற உழைப்பைச் சொந்தத்துக்குப் போட்டால் எங்கேயோ போய்விடலாம். கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால் கடைசி வரை கம்பெனி பஸ்தான்.

கரூர் கணக்கு
செப்டம்பர் 27, இரவு 11:25

அம்மணி, கோபித்துக்கொள்ளாதீங்க. நான் கரூரில் சின்னச் சின்ன டெக்ஸ்டைல் யூனிட்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். நீங்கள் போட்டது கணக்கு இல்லை, பாதி மளிகைச் சீட்டு. நாலு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்க. மற்றதை அப்புறம் பேசலாம்.

ஒரு ஈடு என்றால் எத்தனை கிலோ வறுப்பீர்கள், வறுத்து அரைத்த பிறகு எத்தனை கிலோ நிற்கிறது? அரைக்கக் கூலி எவ்வளவு? கூரியர்காரரிடம் விலை கேட்டாகிவிட்டதா? பருப்பை அடுப்பில் போடுவதில் இருந்து பொட்டலம் ஒட்டும் வரை எத்தனை மணி நேரம்?

நம்பியூர் அம்மணி
செப்டம்பர் 28, காலை 6:50

பஸ்ஸுக்கு நிற்கிறேன் அண்ணா, ஞாபகத்தில் இருக்கிறதைச் சொல்கிறேன். துவரம் பருப்பு 3 கிலோ 390 ரூபாய், பொட்டுக்கடலை 1 கிலோ 110, வரமிளகாய் 400 கிராம் 88, மிளகு 100 கிராம் 80, சீரகம் 150 கிராம் 48, பூண்டு கால் கிலோ 30, உப்பு பெருங்காயம் எல்லாம் 40. மொத்தம் 786. போடுகிறது ஐந்து கிலோ சொச்சம், அரைத்துச் சலித்தால் 4.6 கிலோதான் நிற்கிறது. 23 பொட்டலம். மில்லில் கிலோவுக்கு 20 ரூபாய் என்று நூறு ரூபாய் ஆகும். கேஸ் கணக்குப் பார்த்ததில்லை. நேரம், ஐந்து மணி நேரம் இருக்கும், ஆறவைக்கிற நேரம் தனி. கூரியர் இன்னும் கேட்கவில்லை. ஒரு நாற்பது ரூபாய் ஆகுங்களா?

கூரியர் தம்பி
செப்டம்பர் 28, காலை 9:15

அக்கா, சிங்காநல்லூரில் கூரியர் கவுன்டரில் இருக்கிறேன். எங்களிடம் தமிழ்நாட்டுக்குள் அரைக் கிலோ வரை ஐம்பது, ஒரு கிலோ வரை எழுபது. ஊருக்கு ஊர், ஆபீசுக்கு ஆபீஸ் மாறும், நீங்களே நேரில் கேட்டுக்குங்க. தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட் விலையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கிராமத்துக்குப் போகிற பார்சலுக்கு அதுதான் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம், இதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். நாங்கள் தராசு எடை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி எவ்வளவு இடம் அடைக்கிறது என்றும் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்போம். எடை, இந்த எண், இரண்டில் எது பெரிசோ அதற்குத்தான் காசு. போன வாரம் ஒரு அம்மா 600 கிராம் தின்பண்டத்தை வீட்டில் கிடந்த 30க்கு 20க்கு 15 டப்பாவில் போட்டு, காலி இடத்தில் பேப்பரை அடைத்துக் கொண்டுவந்தார். 9,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 1.8 கிலோ. ஒரு கிலோ காசோடு வந்தவர், இரண்டு கிலோவுக்குக் கட்டிவிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

கரூர் கணக்கு
செப்டம்பர் 28, இரவு 10:05

சரி, இப்போது போடுவோம். 786-ஐ 23-ஆல் வகுத்தால் 34, அது நீங்கள் சொன்னதுதான். மில் கூலி நாலே கால். கேஸ் ஈட்டுக்கு அறுபது என்று வைத்தால் இரண்டரை. கவர் 6. லேபிள் இரண்டரை. ஆகப் பொட்டலம் கையில் நிற்கும்போதே 50 ரூபாய். அட்டைப்பெட்டி, டேப் 12. கூரியர் 50. மொத்தம் 112. விற்கிற விலை 120, டெலிவரி ஃப்ரீ.

நிற்பது 8 ரூபாய். 80 இல்லை, 8. மாதம் 300 பொட்டலம் போனால் 2,400. உங்கள் 24,000-ல் ஒரு சைபர் கூரியர்காரரோடு போய்விட்டது. ஒரு ஈட்டுக்கு 184 ரூபாய், அதற்கு ஐந்து மணி நேரம் அடுப்பு முன்னால்.

பயப்பட வேண்டாம், இதில் தப்பு பொடி மேல் இல்லை. ஒற்றைப் பொட்டலமாக அனுப்புவதுதான் கையைக் கடிக்கிறது. மூன்று பொட்டலம் சேர்ந்தால்தான் ஆர்டர் என்று வையுங்கள். 360 வரவு. பொட்டலம் 150, கொஞ்சம் பெரிய பெட்டி 15, ஒரு கிலோ கூரியர் 70, ஆக 235. 125 நிற்கும்.

ஆனால் கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் கதை வேறு. வாங்க மாட்டேன் என்று ஒருவர் கதவைச் சாத்தினால் போகிற கூரியர் 70, வருகிற கூரியர் 70, பெட்டி 15, ஆக 155 தண்டம். ஐந்துக்கு ஒன்று திரும்பினால் மீதி நாலில் வந்த 500-ல் 155 போய் 345. பார்சலுக்கு 69. உங்கள் 18,500 சம்பளம் வர வேண்டுமென்றால் மாதம் 268 பார்சல் அனுப்ப வேண்டும். திரும்பி வந்த பொடியை மறுபடி விற்றுவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், போய்ச் சேருகிற 214 ஆர்டருக்கு 642 பொட்டலம், 28 ஈடு, 140 மணி நேரம் வறுத்து அரைக்க மட்டும். அதற்குமேல் பார்சல் கட்டுவது, "அக்கா காரமா இருக்குங்களா" என்று கேட்கிற நூறு பேருக்குப் பதில் போடுவது எல்லாம் தனி.

லோன் தவணையை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

காதர்பேட்டை
செப்டம்பர் 28, இரவு 11:30

தவணையை விடுங்க, அதற்கு முன்னால் சரக்கு என்று ஒன்று இருக்கிறதே. என் கதையைச் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

லாக்டவுன் முடிந்த சமயம். திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீஷர்ட் 300 பீஸ் லாட்டாக எடுத்தேன். பீஸ் 95 ரூபாய், ஆன்லைனில் 249. நீங்கள் போட்ட மாதிரியேதான் பேப்பரில் போட்டேன், லாபம் பிய்த்துக்கொண்டு போகும் என்று வந்தது. லாட்டைப் பிரித்தால் மீடியமும் லார்ஜும் சேர்த்து நூற்றுப் பத்துதான். மீதி எல்லாம் டபுள் எக்ஸெல், எக்ஸ்எஸ். வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சினது அல்லவா, அவர்கள் உடம்புக்கு வெட்டின அளவு. மீடியமும் லார்ஜும் மூன்று வாரத்தில் போய்விட்டது. அதில் வந்த காசு முழுவதும் மீதி 190 பீஸில்தான் முடங்கிக் கிடந்தது. இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு மூட்டை இருக்கிறது. வீட்டில் வண்டி துடைக்க, அடுப்பு மேடை துடைக்க எல்லாம் எக்ஸ்போர்ட் குவாலிட்டிதான்.

அதனால் அம்மணி, 5,000 கவர் அச்சடிக்காதீங்க. சாதாரண ஜிப் கவரில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பேர் மாற்றத் தோன்றும், விலை மாறும், போன் நம்பர் மாறும்.

இளம்பிள்ளை அக்கா
செப்டம்பர் 29, பகல் 2:20

கவர் என்றதும் எனக்கு எங்கள் கொழுந்தனார் நினைவுதான். சத்து மாவுக்கு ஐயாயிரம் கவர் அச்சடித்தார், "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று கொட்டை எழுத்தில். உணவுப் பொருள் மேல் நோயைக் குணமாக்கும் என்று போடக்கூடாது என்பது அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கவரில் இப்போது விதை கட்டி வைக்கிறார்கள்.

நான் சேலை ரீசெல்லிங் செய்கிறேன் கண்ணு, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் செய்கிறோம். ஆரம்பிக்கிறபோது யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் வாங்குகிறவர்கள் எல்லாம் நம் முகத்துக்காக வாங்குகிறவர்கள். அத்தை, நங்கை, கூடப் படித்தவர்கள், கம்பெனிக்காரர்கள். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு வருஷக் கணக்குப் போட்டால் போச்சு. மூன்றாவது மாதம் போன் அடிக்காது. அப்போது முகம் தெரியாத ஒருத்தர் தானாகக் கேட்டு வாங்கி, அதே ஆள் மறுபடி வாங்கினால்தான் அது வியாபாரம்.

உங்கள் கம்பெனியில் 100 ரூபாய்க்கு நாற்பது பொட்டலம் போவது நல்லதுதான். ஆனால் அங்கே கூரியரும் இல்லை, பெட்டியும் இல்லை, கடனும் இல்லை. என் கண்ணுக்கு இப்போதைக்கு உங்களுக்கு இருக்கிற நல்ல கடை உங்கள் கம்பெனி பஸ்தான். அதையா விடப் போகிறீர்கள்?

நம்பியூர் அம்மணி
செப்டம்பர் 29, இரவு 9:48

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கம்பெனியில் 100 ரூபாய்க்கு விற்றால் 50 நிற்கிறது. ஆன்லைனில் 120-க்கு விற்றால் 8. இத்தனை நாள் இது தலையில் ஏறவே இல்லை.

கரூர் அண்ணாவுக்கு ரொம்ப நன்றிங்க. கொஞ்சம் அழுகை வந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் எடுக்க வேண்டுங்களா? எங்கள் ஊரில் ஒருவர் எல்லாம் சேர்த்து 12,000 கேட்கிறார். 40 லட்சத்துக்குக் கீழே என்றால் ஜிஎஸ்டி வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

கரூர் கணக்கு
செப்டம்பர் 30, காலை 7:30

12,000-மா! அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தே ஆக வேண்டும், வீட்டில் செய்தாலும் சரி. உங்கள் அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும். நான் 2022-ல் ஒருவருக்கு எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரைக்கும் அதுதான், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் என்கிற அரசுத் தளத்தில் நாமே போடலாம். சிறுதொழிலுக்கான உதயம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசாங்கக் கட்டணம் கிடையாது. பதிவு எண், தயாரித்த தேதி, எதற்குள் உபயோகிக்க வேண்டும், சேர்மானம், நிகர எடை, விலை, உங்கள் முகவரி, சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளி, இவ்வளவும் லேபிளில் வர வேண்டும்.

ஜிஎஸ்டியில் நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. 40 லட்சம் வரம்பு சரக்கு விற்பனைக்கு, நம் மாநிலத்துக்குள் விற்கிற வரை. வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. கைவினைப் பொருள் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு உண்டு. பொடிக்கு அது இல்லை. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பெங்களூரில் இருக்கிறார்கள், முதல் ஆர்டரே அங்கிருந்துதான் வரும், அங்கேதான் மாட்டுவீர்கள். பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பதற்கும் முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே இருந்து சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கிறவர்களுக்கு அது தளர்ந்தது, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

பதிவு எடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டன், அதாவது வரிக் கணக்கு, போட வேண்டும். தாமதமானால் நில் ரிட்டனுக்கே நாளுக்கு 20 ரூபாய். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆரம்பித்த வேகத்தில் பதிவு எடுத்துவிட்டு, கடையை மூடிய பிறகு அபராதம் கட்ட வருகிறவர்கள்தான். ஆறு மாதம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பாருங்கள், இப்போதைக்கு அதுவே போதும்.

காங்கயம் செக்கு
செப்டம்பர் 30, பகல் 1:10

எல்லோரும் சேர்ந்து அந்தப் பொண்ணைப் பயமுறுத்தியே அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது. இவ்வளவும் தெரிந்துகொண்டா நான் ஆரம்பித்தேன்?

காதர்பேட்டை
செப்டம்பர் 30, பகல் 1:45

அண்ணா, கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்காதீங்க. நீங்கள் ஆன்லைனில் போடும்போது செக்கு யாருடையது?

காங்கயம் செக்கு
செப்டம்பர் 30, பகல் 2:30

எங்கள் அப்பாருடையது. நாற்பது வருஷமாக ஓடுகிறது.

சரி சரி, புரிகிறது. ஆன்லைன் விற்காத மாதம் சந்தைக்கு எண்ணெய் போய்க்கொண்டுதான் இருந்தது, கொப்பரையும் நம் தோட்டத்துது. நான் வேலையை விட்டு வரவில்லை, லோனும் வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இறங்கினால்தான் ஆழம் தெரியும் என்பது என் கட்சி.

பவானி ஓய்வூதியர்
அக்டோபர் 1, காலை 5:55

நான் முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்தவன். கடன் மனுக்களை வாங்கி வைத்த கை. அம்மா, ஒரு பொதுவான விஷயம். தொழிலுக்கு என்று வாங்குகிற கடனில் மெஷினுக்குப் போகிற ரூபாய்க்கு ஒரு மதிப்பு உண்டு, விற்றால் பாதியாவது வரும். வெப்சைட், விளம்பரம், கவர் இவற்றுக்குப் போகிற ரூபாய் மறுநாளே மதிப்பில்லாதது. உங்கள் மூன்று லட்சத்தில் மெஷின் எவ்வளவு என்று பாருங்கள். ஐம்பதாயிரத்தைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் தவணை. மூன்று லட்சம், 24 மாதம், ஆண்டு வட்டி 22 சதம் என்று வைத்தால் மாதம் 15,500-க்குக் கொஞ்சம் மேல். பணம் கைக்கு வந்த அடுத்த மாதமே கட்டத் தொடங்க வேண்டும். உங்கள் பொடி அதற்குள் விற்றிருக்காது. நீங்கள் தவறினால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பீர்கள்? வட்டியை விட அதுதான் பெரிய பாரம், கிளையில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விற்பனை ஒரு நிலைக்கு வந்த பிறகு ஈரோட்டில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதம் வரை மானியம் உண்டு, நம் பங்கு 5 சதம். முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரைக்கும் சிசு கடன் இருக்கிறது. அங்கேயும் திட்ட அறிக்கை கேட்பார்கள். அப்போது கையில் ஆறு மாத நிஜக் கணக்கு இருந்தால் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். பயிற்சி வேண்டுமென்றால் கோபிசெட்டிபாளையத்தில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்ப மையத்தில் மசாலாப் பொடி வகைகளுக்குப் பயிற்சி நடத்துவார்கள். ஹோட்டல் ஹாலில் நடக்கிற "மாதம் ஐம்பதாயிரம்" வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள், என் மருமகள் 15,000 கட்டிவிட்டு ஒரு பேனாவும் பைலும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கூரியர் தம்பி
அக்டோபர் 1, காலை 10:20

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க அக்கா. ஸ்கிரீன்ஷாட் பார்த்து பார்சல் அனுப்பாதீங்க, பேங்க் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்துவிட்டு அனுப்புங்க. பணம் அனுப்புகிறேன், கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்று ஒரு கும்பல் வரும். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்க.

இளம்பிள்ளை அக்கா
அக்டோபர் 1, பகல் 3:05

மில்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. முந்தின ஆள் மிளகாய் அரைத்திருந்தால் உங்கள் பருப்புப் பொடி சிவப்பாகக் கமறும். காலையில் முதல் ஆளாகப் போங்க, ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு அப்புறம் கொட்டுங்க.

நம்பியூர் அம்மணி
அக்டோபர் 2, மாலை 4:30

இன்றைக்கு லீவு. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினேன், இந்தத் தடவை அவரும் "உன் இஷ்டம்" என்று சொல்லாமல் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

முடிவு இதுதானுங்க. வேலையை விடவில்லை. லோன் எடுக்கவில்லை, குழுத் தலைவிக்குத்தான் கொஞ்சம் மனக்கசப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈடு, தேவைப்பட்டால் புதன் இரவில் ஒன்று. மூன்று பொட்டலம் சேர்த்து 399, தமிழ்நாட்டுக்குள் மட்டும், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. எல்லாவற்றையும் நேரத்தோடு சேர்த்து நோட்டில் எழுதப் போகிறேன். இரண்டு மாதம் கழித்து வந்து சொல்கிறேன்.

காதர்பேட்டை
அக்டோபர் 2, மாலை 5:15

வந்து சொல்கிறேன் என்று போனவர்கள் யாரும் வந்ததில்லை. நீங்கள் வாங்க.

நம்பியூர் அம்மணி
நவம்பர் 30, இரவு 9:20

வந்துவிட்டேனுங்க.

எட்டு வாரத்தில் 61 ஆர்டர். 183 பொட்டலம். அதில் 46 ஆர்டர் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். முகம் தெரியாதவர்கள் 15 ஆர்டர்தான், அந்தப் பதினைந்தில் ஐந்து இரண்டாம் முறை வாங்கினவர்களுடையது. அக்கா சொன்ன மாதிரியே தீபாவளி முடிந்ததும் ஒன்பது நாள் போன் சத்தமே இல்லை. அன்றைக்கு வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு ஆர்டருக்கு 164 நின்றது. 61-க்கு 10,004. ஐப்பசி மழையில் ஒரு ஈடு முழுவதும் போச்சு. பூண்டை வெயிலில் காயவைக்க முடியாமல் வாணலியில் வதக்கிப் போட்டேன், நாலாம் நாள் பொடி கட்டி பிடித்துவிட்டது. கவரைத் தட்டினால் உதிராமல் ஒரே பாளமாகத் திரும்புகிறது. 23 பொட்டலம், 1,150 ரூபாய் நஷ்டம். நல்லவேளை ஒன்றும் வெளியே போகவில்லை. பார்சல் உடைந்து மறுபடி அனுப்பியது இரண்டு, 470. பதிவு 100. தராசும் கவர் ஒட்டுகிற மெஷினும் 3,000. கடைசியில் கையில் 5,284.

நேரம் 118 மணி. ஒன்பது ஈட்டுக்கு 45 மணி, மீதி 73 மணி பார்சல் கட்டவும் கூரியர் ஆபீசுக்கு அலையவும் போனில் பதில் சொல்லவும். மணிக்கு 45 ரூபாய் கூட வரவில்லை. ரொம்ப மோசங்களா அண்ணா?

கரூர் கணக்கு
நவம்பர் 30, இரவு 10:50

இவ்வளவு சுத்தமாக எழுதின கணக்கை என் கிளையண்டுகளிடமே பார்த்ததில்லை.

மோசம் இல்லை அம்மணி. தராசும் மெஷினும் ஒரு தடவைச் செலவு, அதை எடுத்துவிட்டால் 8,284, மணிக்கு 70 ரூபாய். இப்போது உங்கள் வேலையையும் இதே தராசில் வையுங்கள். ஏழே காலில் இருந்து எட்டரை வரை பதின்மூன்றே கால் மணி, 26 நாள், 344 மணி நேரம். 18,500-ஐ வகுத்தால் மணிக்கு 54-க்குக் கீழே. பஸ் நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆக, பொடி உங்களுக்குக் கட்டுப்படியாகிறது. அளவுதான் போதவில்லை. தவிர, ஒன்பது நாள் போன் அடிக்காத மாதிரி கம்பெனி சம்பளம் தராமல் இருந்துவிடாது, பிஎஃப்பும் பிடிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பொட்டலம் செய்ய உங்களுக்கு 13 நிமிடம் ஆகிறது, அதை விற்க 24 நிமிடம். அரைக்கிற மெஷின் வாங்கினால் குறைவது அந்தப் 13-ல்தான். குறைக்க வேண்டியது 24-ஐ. எந்த நேரத்துக்கும் பதில் போடாதீர்கள், ராத்திரி ஒன்பதில் இருந்து ஒன்பதரை என்று வையுங்கள். கேட்கிற கேள்வியெல்லாம் ஒன்றேதான் இருக்கும், விலை, காரம், எத்தனை நாள் இருக்கும் என்று ஒரே படத்தில் எழுதி வைத்து அதையே அனுப்புங்கள். பார்சல் வாரம் இரண்டு நாள் மட்டும்.

கூரியர் தம்பி
டிசம்பர் 1, காலை 9:40

வாரம் பத்து பார்சல் நிச்சயம் என்றால் வீட்டுக்கே வந்து எடுத்துப்போகச் சொல்லிக் கேளுங்க அக்கா, பேசினால் விலையும் கொஞ்சம் இறங்கும்.

பவானி ஓய்வூதியர்
டிசம்பர் 1, காலை 11:15

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. இன்னும் நாலு மாதம் எழுதுங்கள். கடன் வேண்டியிருந்தால் அப்போது நானே கூட வருகிறேன்.

காங்கயம் செக்கு
டிசம்பர் 1, பகல் 12:30

பூண்டு விஷயம். தோலோடு நசுக்கி, துணியில் பரப்பி, செக்குப் பக்கம் இருக்கிற சூட்டில் வைத்தால் மழையிலும் காய்ந்துவிடும். உங்களிடம் செக்கு இல்லை. ஃபிரிட்ஜ் பின்னால் ஒரு இளஞ்சூடு இருக்கும், அங்கே இரண்டு நாள் வைத்துப் பாருங்க. காயாவிட்டால் மார்கழி வரைக்கும் பூண்டு போடாத பொடி மட்டும் விற்றுக்கொள்ளலாம்.

இளம்பிள்ளை அக்கா
டிசம்பர் 1, இரவு 8:10

அந்த ஐந்து பேர் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறாயா கண்ணு? அவர்களுக்கு அடுத்த தடவை செலவு ரசப் பொடி ஒரு ஸ்பூன் சின்னக் கவரில் போட்டு அனுப்பு. காசு வாங்காதே.

நம்பியூர் அம்மணி
டிசம்பர் 1, இரவு 9:05

எழுதி வைத்திருக்கிறேன் அக்கா. அதில் ஒருத்தர் மேட்டூர், மூன்றாவது தடவையும் இன்றைக்குக் கேட்டிருக்கிறார்.

தாராபுரத்தான்
டிசம்பர் 1, இரவு 9:22

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேனுங்க. கொள்ளுப் பொடி கிடைக்குங்களா? ஒரு பொட்டலம் போதும்.

நம்பியூர் அம்மணி
டிசம்பர் 1, இரவு 9:24

கிடைக்குமுங்க அண்ணா. மூன்று பொட்டலமாகத்தான்.